ஹார்வர்டா? ஸ்டேட் யூனிவர்சிட்டியா?
(அமெரிக்கக் கல்லூரிகளின் சரித்திரத்திலிருந்து சில பக்கங்கள்)

– ஒரு பழைய மாணவர், சரித்திரத் துறை

நம் சங்கத்து அங்கத்தினர்களில் கணிசமானவர்களுக்கு இன்று பிள்ளையோ பெண்ணோ பேரக்குழந்தையோ அமெரிக்காவில் இருக்கிறார்கள். வருஷா வருஷம் மார்ச் கடைசியில் அந்த வீடுகளில் ஒரே பரபரப்பு. பன்னிரண்டாவது படிக்கிற குழந்தைக்கு எந்தெந்தக் கல்லூரியில் இடம் கிடைத்தது என்று தகவல் வரும். எங்கே சேர்வது என்று பெரும்பாலும் மே 1ஆம் தேதிக்குள் பதில் சொல்லியாக வேண்டும். பேர் பெற்ற தனியார் கல்லூரியா, சொந்த மாநிலத்து அரசுப் பல்கலைக்கழகமா என்ற விவாதம் போனில் இங்கே வரைக்கும் வந்துவிடும். "என்னப்பா, கவர்மென்ட் காலேஜ்லயா சேர்க்கப் போறே? சம்பந்தி வீட்ல என்ன நெனைப்பாங்க?" என்று இங்கிருந்து நாமும் நம் பங்குக்குக் குழப்புவோம்.

குழப்பத்துக்குக் காரணம் உண்டு. நம் ஊரில் 'கவர்மென்ட் சீட்' என்றால் கௌரவம். கிண்டி இன்ஜினீயரிங் காலேஜிலோ மெட்ராஸ் மெடிக்கல் காலேஜிலோ இடம் கிடைத்தால் தெருவுக்கே இனிப்பு கொடுப்போம். அது கிடைக்காதவர்கள் பணம் கட்டித் தனியாரில் சேருவார்கள். அமெரிக்காவில் பெயரும் புகழும் பெரும்பாலும் தனியார் பக்கம். ஆனால் அங்கே 'தனியார்' என்பது நாம் இங்கே 1984க்குப் பிறகு பார்த்த சுயநிதிக் கல்லூரி மாதிரியும் இல்லை; அங்கே 'அரசு' என்பது மட்டமும் இல்லை. இந்த இரண்டு ஜாதிக் கல்லூரிகளும் எப்படி வந்தன என்று தெரிந்துகொண்டால், முடிவெடுக்கிறவர்களுக்கு ஓரளவாவது உதவும் என்ற எண்ணத்தில் இந்தக் கட்டுரை.

மெட்ராஸ் பணத்தில் ஒரு காலேஜ்

அமெரிக்காவின் முதல் கல்லூரியான ஹார்வர்ட் 1636ல் ஏற்பட்டது. 1638ல் காலமான ஜான் ஹார்வர்ட் என்ற பாதிரியார் தன் சொத்தில் பாதியையும் சுமார் 400 புத்தகங்களையும் எழுதி வைத்ததால் அந்தப் பெயர். கிறிஸ்தவ போதகர்களைத் தயார் செய்வதுதான் அன்றைய முக்கிய வேலை.

அடுத்து வருவது நமக்கு நெருங்கிய சங்கதி. கனெக்டிகட்டில் 1701ல் ஒரு சின்னக் கல்லூரி ஆரம்பித்தார்கள். பணமில்லாமல் திண்டாடியது. 1718ல் லண்டனில் ஒரு பணக்காரர் ஒன்பது மூட்டை சரக்கும், 417 புத்தகங்களும், முதலாம் ஜார்ஜ் மன்னரின் படமும் அனுப்பி வைத்தார். சரக்கை விற்றதில் சுமார் 562 பவுன் கிடைத்தது. நன்றிக்கடனாக அவர் பெயரையே கல்லூரிக்கு வைத்தார்கள். அவர்தான் எலிஹு யேல். 1687 முதல் 1692 வரை நம் செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் கவர்னர்! கோட்டைக்குள் இருக்கிற செயின்ட் மேரீஸ் சர்ச் 1680ல் கட்டி முடிந்ததும் அங்கே நடந்த முதல் கல்யாணம் இவருடையதுதான். சின்ன வயதில் இறந்துபோன இவர் மகன் டேவிட்டின் கல்லறை மெட்ராஸ் ஹைகோர்ட் வளாகத்தில் இருந்தது நம்மில் பலருக்குத் தெரிந்திருக்கும்.

கம்பெனி வேலையில் இருந்துகொண்டே சொந்த வியாபாரத்தில் சேர்த்த சொத்து அது. ஊழல் புகாரில் பதவி போயிற்று. அடிமைகளைக் கப்பலேற்றி அனுப்பிய விவரமும் அவர் காலத்துக் கோட்டைப் பதிவேடுகளில் இருக்கிறது. ஆக, இன்று உலகம் முழுக்கப் பிள்ளைகள் கனவு காணும் ஒரு கல்லூரியின் பெயருக்குப் பின்னால் சோழமண்டலக் கரையில் சம்பாதித்த பணம் இருக்கிறது.

எல்லைக்கோடு போட்ட கோர்ட்

ஆரம்ப காலத்தில் அரசுக் கல்லூரி, தனியார் கல்லூரி என்ற பாகுபாடு இவ்வளவு தெளிவாக இல்லை. காலனி சர்க்கார்கள் ஹார்வர்டுக்கும் யேலுக்கும் மானியம் கொடுத்தன, நிர்வாகத்திலும் தலையிட்டன. 1816ல் நியூ ஹாம்ப்ஷயர் மாநில சட்டசபை, டார்ட்மத் கல்லூரியை அரசுப் பல்கலைக்கழகமாக மாற்றிச் சட்டம் போட்டது. பழைய நிர்வாகிகள் வழக்குப் போட்டார்கள். அவர்களுக்காக வாதாடியவர் அங்கேயே படித்த டேனியல் வெப்ஸ்டர். 1819ல் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் தீர்ப்பு சொன்னார்: கல்லூரிக்கு 1769ல் கொடுத்த சாசனம் ஓர் ஒப்பந்தம்; அதை மாநில சர்க்கார் தன்னிஷ்டத்துக்கு மாற்ற முடியாது.

இந்தத் தீர்ப்பால் இரண்டு விளைவுகள். தனியார் கல்லூரிகளுக்கு இனி யாரும் கைவைக்க மாட்டார்கள் என்ற தைரியம் வந்தது. தலைமுறை தலைமுறையாகப் பழைய மாணவர்கள் நன்கொடை கொடுத்தார்கள். அது மூலதனமாகச் சேர்ந்து ஹார்வர்டுக்கு மட்டும் 2024ல் 5,300 கோடி டாலருக்கு மேல் இருந்தது. (நம் சங்கத்துப் பொருளாளர் கவனிக்க!) இரண்டாவது, தங்கள் கட்டுப்பாட்டில் பல்கலைக்கழகம் வேண்டுமென்றால் மாநிலங்கள் சொந்தமாகவே கட்டிக்கொள்ள வேண்டியதாயிற்று. ஜார்ஜியா 1785லும், வட கரோலினா 1789லும் ஏற்கெனவே சாசனம் கொடுத்திருந்தன. தீர்ப்பு வந்த அதே 1819ல் ஜெஃபர்சன் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தை நிறுவினார். தன் கல்லறையில் பொறிக்க அவர் எழுதி வைத்த மூன்று சாதனைகளில் இந்தப் பல்கலைக்கழகமும் ஒன்று. ஜனாதிபதி பதவி அதில் இல்லை.

கொல்லன் மகன் கொண்டுவந்த சட்டம்

ஆனாலும் அந்தக் காலத்து அரசுக் கல்லூரிகளிலும் கிரேக்கமும் லத்தீனும்தான் பிரதானம். உழுகிறவன் மகனுக்கு அங்கே என்ன வேலை? இதை மாற்றியவர் வெர்மான்ட் மாநிலத்து ஜஸ்டின் மோரில். கொல்லர் மகன். வசதி இல்லாததால் பதினைந்து வயதிலேயே படிப்பை விட்டுக் கடையில் வேலைக்குப் போனவர். கல்லூரி வாசலை மிதிக்காத இந்த மனிதர்தான் பார்லிமென்டில் கல்லூரி மசோதா கொண்டுவந்தார். 1859ல் ஜனாதிபதி புக்கானன் அதை நிராகரித்தார். உள்நாட்டு யுத்தம் நடந்துகொண்டிருக்கும்போதே, 1862 ஜூலை 2ஆம் தேதி லிங்கன் கையெழுத்துப் போட்டார். எல்லாம் சேர்த்து ஒரு வருஷம்கூடப் பள்ளிக்கூடம் போகாதவர் லிங்கன் என்பது குறிப்பிடத்தக்கது.

சட்டம் எளிமையானது. ஒரு மாநிலத்துக்கு எத்தனை எம்.பி.க்களோ, தலைக்கு 30,000 ஏக்கர் நிலம். அதை விற்ற பணத்தில் விவசாயமும் இயந்திரத் தொழிலும் சொல்லித் தருகிற கல்லூரி நடத்த வேண்டும். மற்றப் படிப்புகளையும் விலக்கக் கூடாது. இன்றைய பெரிய ஸ்டேட் யூனிவர்சிட்டிகளில் பல இப்படி வந்தவை, அல்லது இதனால் வளர்ந்தவை: இல்லினாய், விஸ்கான்சின், மினசோட்டா, பர்டூ, ஓஹையோ ஸ்டேட், கலிபோர்னியா. தனியார் கல்லூரிகளான எம்.ஐ.டி.யும் கார்னலும்கூட இந்த நிலப்பணத்தில் பங்கு பெற்றவை. நியூ யார்க்வாசிகளுக்கு இன்றும் கார்னலின் விவசாயக் கல்லூரியில் சலுகைக் கட்டணம் இருப்பதன் பின்னணி இதுதான்.

நிலம் சும்மா வரவில்லை. செவ்விந்தியர்கள் என்று நாம் பள்ளியில் படித்த பூர்வகுடிகளிடமிருந்து பறித்தது. ஏறக்குறைய 250 குலங்களுக்குச் சொந்தமாயிருந்த சுமார் ஒரு கோடியே ஏழு லட்சம் ஏக்கரை 2020ல் பத்திரிகையாளர்கள் துண்டு துண்டாக அடையாளம் கண்டு வெளியிட்டார்கள். தெற்கு மாநிலங்களில் கறுப்பர்களை இந்தக் கல்லூரிகளில் சேர்க்கவில்லை. 1890ல் இரண்டாவது மோரில் சட்டம் வந்த பிறகு அவர்களுக்கென்று தனிக் கல்லூரிகள் ஏற்பட்டன. தனியார் கல்லூரிக்கு எப்படி ஒரு நிழல் உண்டோ, அரசுக் கல்லூரிக்கும் உண்டு.

பெண்கள் விஷயத்தில் மட்டும் அரசுக் கல்லூரிகள் முந்திக்கொண்டன. அயோவா 1855லேயே பெண்களைச் சேர்த்தது. யேலும் பிரின்ஸ்டனும் இளநிலை வகுப்பில் பெண்களைச் சேர்த்தது 1969ல்!

இந்தச் சட்டத்தின் பலன் நம் சோற்றுத்தட்டு வரை வந்திருக்கிறது. நார்மன் போர்லாக் அயோவா பண்ணைக் குடும்பத்துப் பையன். மினசோட்டா பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் முதலில் தோற்றவர். அங்கேயே இருந்த ஜெனரல் காலேஜ் என்ற பிரிவில் சேர்ந்து, மேலே வந்து, 1942ல் டாக்டர் பட்டம் வாங்கினார். அவர் உருவாக்கிய குட்டைக் கோதுமைதான் 1960களில் இந்தியாவின் பஞ்சத்தைத் தள்ளிவைத்தது. 1970ல் நோபல் சமாதானப் பரிசு. கோயமுத்தூர் விவசாயக் கல்லூரியில் படித்த நம் எம்.எஸ். சுவாமிநாதனும் கேம்பிரிட்ஜுக்குப் பிறகு ஆராய்ச்சி செய்தது விஸ்கான்சினில். 1960ல் இல்லினாய் பல்கலைக்கழக உதவியோடு பந்த்நகரில் வந்த இந்தியாவின் முதல் விவசாயப் பல்கலைக்கழகமும், 1971ல் கோவையில் வந்ததும் இதே அமைப்பைப் பார்த்து வந்தவைதான்.

ஏழைகளின் ஹார்வர்ட்

நியூ யார்க் நகரத்தில் 1847ல் ஜனங்கள் ஓட்டுப் போட்டு ஒரு இலவசக் கல்லூரியை ஏற்படுத்தினார்கள். அதுதான் பின்னாளில் சிட்டி காலேஜ். சம்பளம் கிடையாது, தகுதி இருந்தால் போதும்.

1920களில் ஹார்வர்டில் யூத மாணவர்கள் அதிகமாகிவிட்டார்கள் என்று அதன் தலைவர் லாவெலுக்குக் கவலை. 1922ல் கோட்டா வைக்கப் பார்த்தார். எதிர்ப்பு கிளம்பியதால் நேரடியாக முடியவில்லை. அதற்குப் பதில் 'குணநலன்' பார்ப்பது, போட்டோ கேட்பது, நேர்முகம் என்று சுற்றி வளைத்து எண்ணிக்கையைக் குறைத்தார்கள். இன்றும் நம் பிள்ளைகள் கட்டுரை எழுதி, சிபாரிசுக் கடிதம் வாங்கி, வயலின், டென்னிஸ் என்று பட்டியல் போடுகிறார்களே, அந்த முறைக்கு வேர் இங்கே இருக்கிறது.

வாசல் அடைபட்ட பிள்ளைகள் சப்வே ரயிலேறி சிட்டி காலேஜுக்குப் போனார்கள். போலியோ தடுப்பூசி கண்டுபிடித்த ஜோனஸ் சால்க் அங்கே 1934ல் பட்டம் பெற்றவர். ஆர்தர் கோர்ன்பெர்க், ஜெரோம் கார்ல், ஹெர்பர்ட் ஹாப்ட்மன் மூவரும் ஒரே 1937 செட். மூவருக்கும் நோபல் பரிசு! கென்னத் ஆரோ, லியோன் லெடர்மன், ஆர்னோ பென்சியாஸ் என்று பட்டியல் நீளும். இன்டெல் கம்பெனியை வளர்த்த ஆண்ட்ரூ குரோவ் ஹங்கேரியிலிருந்து அகதியாக வந்து 1960ல் இங்கே தேறியவர். ஒரு சல்லிக் காசு சம்பளம் கட்டாமல் இத்தனை பேர்.

1970ல் எல்லோருக்கும் வாசலைத் திறந்துவிட்டார்கள். கறுப்பர்களும் போர்ட்டோ ரிக்கோ பிள்ளைகளும் பெருமளவில் வந்தார்கள். நகரசபை திவாலாகும் நிலைக்கு வந்ததால் 1976ல், 129 வருஷ வழக்கம் நின்று, சம்பளம் வந்தது. இவர்கள் பந்தியில் உட்கார்ந்த நேரத்தில்தானா இலை எடுக்க வேண்டும் என்று வருத்தப்பட்டவர்கள் உண்டு.

கலிபோர்னியா போட்ட திட்டம்

இரண்டாவது உலக யுத்தம் முடிந்து வந்த சிப்பாய்களுக்கு 1944ஆம் வருஷச் சட்டம் படிப்புச் செலவைக் கொடுத்தது. சுமார் 22 லட்சம் பேர் கல்லூரிக்குப் போனார்கள். கூட்டத்தைத் தாங்க அரசுப் பல்கலைக்கழகங்கள் பெருத்தன. 1960ல் கிளார்க் கெர் என்பவர் தலைமையில் கலிபோர்னியா ஒரு பெருந்திட்டம் போட்டது. பள்ளி முடிப்பவர்களில் மேல் எட்டில் ஒரு பங்குக்கு யூனிவர்சிட்டி ஆஃப் கலிபோர்னியா. மேல் மூன்றில் ஒரு பங்குக்கு ஸ்டேட் காலேஜ். மற்ற எல்லோருக்கும் இரண்டு வருஷ கம்யூனிட்டி காலேஜ், அங்கிருந்து மேலே மாறும் வழி. உள்ளூர்ப் பிள்ளைகளுக்குப் படிப்புக்கு என்று கட்டணம் இல்லை.

அந்தக் காலத்து பெர்க்லிக்குத்தான் 1958ல் மெட்ராஸில் பிறந்த பத்தொன்பது வயது சியாமளா கோபாலன் போய்ச் சேர்ந்தார். 1964ல் டாக்டர் பட்டம். அவர் மகள் கமலா ஹாரிஸ் 2021ல் துணை ஜனாதிபதி ஆனது நாம் அறிந்தது.

1967ல் ரீகன் கவர்னரானார். அதே ஜனவரியில் கெர் பதவி நீக்கப்பட்டார். 1970ல் கட்டணம் வந்தது. 1978ல் சொத்துவரிக்கு உச்சவரம்பு வைத்து ஜனங்களே ஓட்டுப் போட்டார்கள். மாநிலத்தின் கஜானா இளைத்தது. 2008 பொருளாதார நெருக்கடிக்குப் பின் நாடு முழுக்க மாநில மானியம் குறைந்து, அந்த பாரம் பெற்றோர் தலையில் இறங்கியது. வெளி மாநிலத்து மாணவர்களை அதிகக் கட்டணத்துக்குச் சேர்ப்பதும் பெருகியது. மறுபக்கம், ஜார்ஜியா 1993 முதல் லாட்டரி வருமானத்தில் நன்றாகப் படிக்கும் உள்ளூர்ப் பிள்ளைகளின் சம்பளத்தைக் கட்டியது. எந்த மாநிலத்தில் வாசம் என்பதே ஒரு அதிர்ஷ்டமாகிவிட்டது.

போர்டில் போட்ட விலையும் கட்டுகிற பணமும்

இப்போது கணக்குக்கு வருவோம். 2024–25ல் நாலு வருஷ அரசுக் கல்லூரிகளில் உள்மாநில மாணவருக்குச் சராசரிக் கட்டணம் 11,610 டாலர். வெளி மாநிலத்தவருக்கு 30,780. தனியாரில் 43,350. இது சம்பளம் மட்டும். தங்குவது, சாப்பாடு தனி. ஹார்வர்டில் அந்த வருஷம் எல்லாம் சேர்த்து 82,866 டாலர்.

ஆனால் இது புடவைக் கடையில் போட்ட விலை மாதிரி. எல்லோரும் அதைக் கட்டுவதில்லை. பிரின்ஸ்டன் 2001ல், உதவி பெறும் மாணவர்களுக்குக் கடனுக்குப் பதிலாக மானியமே தருவதாக அறிவித்தது. ஹார்வர்ட் 2004ல் ஏழைக் குடும்பங்களுக்குப் பெற்றோர் பங்கை ரத்து செய்தது. 2025–26 முதல் வருஷ வருமானம் 2 லட்சம் டாலர் வரை உள்ள குடும்பங்களுக்குப் படிப்புக் கட்டணமே இல்லை என்றும், ஒரு லட்சம் வரை இருந்தால் தங்குமிடம், சாப்பாடு உள்பட எல்லாம் இலவசம் என்றும் சொன்னது. ஆகவே உண்மையிலேயே வசதியில்லாத வீட்டுப் பிள்ளைக்கு இடம் கிடைத்தால், ஹார்வர்டே ஸ்டேட் யூனிவர்சிட்டியைவிட மலிவு! இது பலருக்குத் தெரியாமல் விண்ணப்பமே போடாமல் விட்டுவிடுகிறார்கள்.

மாட்டிக்கொள்வது யார் என்றால் நம்ம ஆட்கள்தான். புருஷன், பெண்டாட்டி இரண்டு பேரும் வேலை. சம்பளம் உதவித் தொகை வரம்பைத் தாண்டிவிடும். ஆனால் கையிருப்பு வீட்டுக் கடனில் இருக்கும். ஹார்வர்ட், யேல் வகையறா எட்டுக் கல்லூரிகளும் மார்க்குக்காக ஸ்காலர்ஷிப் கொடுப்பதில்லை; தேவைக்குத்தான். அப்போது முழுப் பணமும் கட்ட வேண்டும்.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது?

ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் என்ற இருவர் 2002ல் ஒரு நல்ல கேள்வி கேட்டார்கள். பெரிய கல்லூரியில் இடம் கிடைத்தும் அங்கே போகாமல் சாதாரணக் கல்லூரிக்குப் போனவர்கள் பின்னால் எப்படிச் சம்பாதித்தார்கள்? விடை: சராசரியில் ஏறக்குறைய அதே சம்பளம். கெட்டிக்காரப் பிள்ளை எங்கே போனாலும் கெட்டிக்காரப் பிள்ளைதான். ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் பெரிய கல்லூரியால் லாபம் இருந்தது.

2023ல் ராஜ் செட்டி, டேவிட் டெமிங், ஜான் ஃப்ரீட்மன் மூவரும் பன்னிரண்டு பெரிய தனியார் கல்லூரிகளை, மாநிலங்களின் முதன்மை அரசுப் பல்கலைக்கழகங்களோடு ஒப்பிட்டார்கள். சராசரி வருமானத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் உச்சாணிக் கிளையான ஒரு சதவீதத்துக்குப் போகும் வாய்ப்பு தனியாரில் 50 சதவீதம் கூடுகிறது. அதே பரீட்சை மார்க் இருந்தாலும் பெரும் பணக்கார வீட்டுப் பிள்ளைக்கு இடம் கிடைக்கும் வாய்ப்பு நடுத்தர வீட்டுப் பிள்ளையைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் என்றும் காட்டினார்கள். முதன்மை அரசுப் பல்கலைக்கழகங்களில் அந்தப் பாரபட்சம் தென்படவில்லை.

நம் வீட்டுப் பிள்ளைகள்

ஒரு முக்கியமான விஷயம். 'உள்மாநிலக் கட்டணம்' அங்கே வரி கட்டி வாழ்கிறவருக்கு மாநிலம் கொடுக்கும் உரிமை. எச்–4 விசாவில் பெற்றோரோடு இருக்கும் பிள்ளைகளுக்கும் பல மாநிலங்கள் அதைக் கொடுக்கின்றன. ஆனால் விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். மத்திய அரசு உதவித் தொகை இவர்களுக்குக் கிடையாது. இந்தியர்களுக்கு கிரீன் கார்டு வரிசை மிக நீளம். இருபத்தொரு வயதானால் பெற்றோர் விசாவில் இருக்க முடியாது. மாணவர் விசாவுக்கு மாறினால், சில இடங்களில் உள்மாநிலச் சலுகை படிப்பின் நடுவிலேயே போய்விடக்கூடும். தனியாரில் பெரும்பாலானவை உதவி விஷயத்தில் இவர்களை வெளிநாட்டு மாணவர்களாகவே வைக்கின்றன. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட் போன்ற ஒரு சில கல்லூரிகள்தான் வெளிநாட்டவர் என்று பாராமல், வசதியும் பாராமல் இடம் கொடுத்து, தேவை முழுவதையும் ஈடு செய்கின்றன. பிள்ளை பத்தாவது படிக்கும்போதே இதையெல்லாம் விசாரித்து வைத்துக்கொள்வது நல்லது.

சரி, எதைத்தான் தேர்ந்தெடுப்பது? சரித்திரம் படித்தவன் என்ற முறையில் எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். குடும்பத்துக்கு வருமானம் குறைவு, பெரிய தனியார் கல்லூரி உதவியோடு கூப்பிடுகிறது என்றால், யோசிக்காமல் போகட்டும். நடுத்தரத்துக்குச் சற்று மேலே உள்ள வீடு, நல்ல ஸ்டேட் யூனிவர்சிட்டி கைவசம் இருக்கிறது என்றால், வெறும் பெயருக்காக இரண்டு, மூன்று லட்சம் டாலர் கடனில் இறங்க வேண்டியதில்லை. அந்தப் பணம் தங்கையின் படிப்புக்கோ மேற்படிப்புக்கோ ஆகும். வாரன் பஃபெட் பென்சில்வேனியாவின் வார்ட்டனை விட்டு விலகி 1950ல் பட்டம் வாங்கியது சொந்த ஊர் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில்தான். அவருக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை.

இங்கிருக்கும் நாம் செய்யக்கூடிய உபகாரம் ஒன்று உண்டு. போனில் பேரனோ பேத்தியோ, "தாத்தா, ஸ்டேட் யூனிவர்சிட்டியில சேர்ந்திருக்கேன்" என்று சொன்னால், "ஏம்மா, வேற எங்கேயும் கிடைக்கலையா?" என்று கேட்காமல் இருப்பது. கொல்லன் மகன் ஒருவர் தனக்குக் கிடைக்காத படிப்பை ஊரார் பிள்ளைகளுக்குக் கிடைக்கச் செய்த இடம் அது. அரசாங்கம் கட்டின கட்டடத்தில், சொற்பச் சம்பளத்தில் படித்து வந்த நம்மில் பலருக்கு அதன் அருமை தெரியாதா என்ன?